பிக்அப் உத்தரவாதமும் பாரத் தகராறும்: விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் என் தம்பியின் பிக்அப்பில், உத்தரவாதக் காலத்திற்குள்ளேயே பின் அச்சில் இரைச்சல் எழுந்தது. சேவை மையத்தார் இழுவைக் கொக்கியைப் பார்த்த மாத்திரத்தில், அதிகப் பாரம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இது நியாயமே இல்லை.

கதவோரத் தகட்டின்படி மொத்த எடை வரம்பு 2,910 கிலோ; வெறும் வண்டி 2,080 கிலோ. ஆகவே ஆட்களும் குலையும் சேர்த்து 830 கிலோ வரை ஏற்றலாம். உரம் ஏற்றும் சிறு இழுவண்டியைப் பூட்டும்போது, அது கொக்கியில் அழுத்தும் எடையும், அதாவது அதன் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கும், இந்த 830க்குள்தான் அடங்க வேண்டும் என்பதைத் தம்பி நன்கு அறிவான். கொள்முதல் நிலையத்தின் எடைச்சீட்டுகள் அனைத்தும், ஓரங்களில் செம்பனை எண்ணெய்க் கறையோடு, கோப்பில் உள்ளன. ஒன்றுகூட வரம்பைத் தாண்டவில்லை.

கொக்கி இருப்பது மட்டுமே மறுப்பதற்குப் போதிய காரணமாகுமா? பழுதுக்கும் பாரத்திற்கும் உள்ள தொடர்பை எழுத்தில் காட்டும்படி கேட்டுப் பெற்றவர்கள், அல்லது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 50,000 ரிங்கிட் வரையிலான கோரல்களை விசாரிக்கும் நடுவர் மன்றத்திற்குப் போனவர்கள் இருந்தால், எந்த ஆவணங்கள் எடுபட்டன என்றும், தொழிலுக்கு ஓடும் வண்டியின் வழக்கை அங்கே ஏற்றார்களா என்றும் தயவுசெய்து தெரிவியுங்கள்.