அக்காவின் கண் கிளினிக்கைச் செயின் ஆஸ்பத்திரிக்காரர்கள் விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

காவிரிக்கரையான்:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கண் டாக்டர். கும்பகோணம் பக்கம் 14 வருடமாகச் சொந்த கிளினிக். ஓ.பி. ஒரு நாளைக்கு 60, 70 பேர். நடவு, அறுப்பு சமயத்தில் குறையும், அது முடிந்ததும் சேர்த்துவைத்து வருவார்கள். கண்புரை ஆபரேஷன் மாதம் 45 வரை நடக்கிறது. மாடியில் ஒரே தியேட்டர், ஒரு மைக்ரோஸ்கோப், புரையை எடுக்கிற, வாங்கி ஒன்பது வருடமான பேகோ மெஷின் ஒன்று, கீழே கண்ணாடிக் கடை, ஒட்டினாற்போல மருந்துக் கடை. கட்டில் பெயருக்கு நாலு போட்டிருக்கிறார்கள், காலையில் ஆபரேஷனுக்கு வந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். கணக்கு வழக்கு முழுக்க அத்தான்தான்.

ரெண்டு மாதம் முன்னால் ஒரு பெரிய செயினிலிருந்து வந்தார்கள். வருவதற்கு முன்பே ஆள் விட்டுப் பார்த்திருக்கிறார்கள் போல. நீலச் சட்டைப் பையன் ஒருவன் ஓ.பி. ஹாலில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களை நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தான், நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று. நர்ஸ் அவனையும் பேஷன்ட் என்று நினைத்துப் பாவை விரிகிற சொட்டு மருந்தை ரெண்டு கண்ணிலும் விட்டுவிட்டார். அதற்கப்புறம் அவனுக்கு அவன் எழுதியதே தெரியவில்லை, அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

இப்போது அவர்கள் சொல்வது: கிளினிக்கில் 60 சதவீதம் அவர்களுக்கு. தொகையில் பாதி ரொக்கம், மீதி தாய்க் கம்பெனியின் பங்கு. ரெண்டு வருடத்தில் ஐபிஓ, அதாவது பங்கைப் பொதுமக்களுக்கு விற்றுச் சந்தைக்கு வருவது, அப்போது அந்தப் பங்கு மூன்று மடங்காம். அக்கா 5 வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும், போர்டில் பெயர் மாறும். அத்தானுக்கு ஆசை. அக்காவுக்கு மனசே இல்லை. நான் பேங்கில் இருக்கிறேன் என்பதால் ரெண்டு பேரும் என்னிடம் வருகிறார்கள், எனக்கோ நகைக்கடன் தவிர எதுவும் உருப்படியாகத் தெரியாது. கண்ணுக்கு ஏன் திடீரென்று இத்தனை கிராக்கி? இது நிற்குமா?

பழைய ஆடிட்டர்:

கிராக்கிக்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லா வியாதிக்கும் பார்க்கிற ஆஸ்பத்திரி கட்டினால் கட்டில், ஐ.சி.யு., நைட் டியூட்டி நர்ஸ், கேன்டீன் என்று காசு போய்க்கொண்டே இருக்கும், வரவைப் பார்க்க வருடக்கணக்காகும். கண்ணுக்குக் கட்டிலும் வேண்டாம், ராத்திரியும் வேண்டாம். வயதானால் புரை வரும், சர்க்கரை வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது, அவர்கள் விழித்திரையை வருடா வருடம் காட்டியாக வேண்டும். இன்ஷூரன்ஸில் 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டும் என்ற விதி புரைக்குக் கிடையாது, அன்றே வீட்டுக்குப் போகிற டே கேர் கணக்கில் போய்விடும். பாலிசி எடுத்து முதல் 2 வருடம் பெரும்பாலும் கிடைக்காது, அப்புறமும் ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று பல பாலிசியில் வரம்பு வைத்திருப்பார்கள், அதற்கு மேல் நல்ல லென்ஸ் கேட்டால் கைக்காசு. லேசிக் மாதிரி கண்ணாடியைக் கழற்றுகிற ஆபரேஷனுக்கு, பவர் 7.5-க்குக் கீழே என்றால் இன்ஷூரன்ஸ் எட்டிக்கூடப் பார்க்காது, அதுவும் கைக்காசு. முதலீடு செய்கிறவனுக்குக் கைக்காசு என்ற சொல்லே தேன், பில் போட்ட அன்றே பணம் வந்துவிடுகிறது இல்லையா.

அதனால்தான் வரிசை கட்டி வந்தார்கள். ஜோத்பூரில் ஆரம்பித்த ஏஎஸ்ஜி கண் ஆஸ்பத்திரிச் செயினில் 2022-ல் ஜெனரல் அட்லாண்டிக், கேதாரா என்ற முதலீட்டுக் கம்பெனிகள் சேர்ந்து சுமார் 1,500 கோடி போட்டன. ஹைதராபாத் மேக்ஸிவிஷனில் குவாட்ரியா, டில்லி சென்டர் ஃபார் சைட்டில் கிரிஸ்கேப்பிட்டல், நம்ம சென்னை டாக்டர் அகர்வாலில் டெமாசெக், டிபிஜி. 1957-ல் ஒரு டாக்டர் தம்பதி ஆரம்பித்தது அது, இன்றைக்கு ஆப்பிரிக்காவையும் சேர்த்து 200 இடத்துக்கு மேல்.

இப்போது உங்கள் அத்தான் கவனிக்க வேண்டிய இடம். அகர்வால் ஐபிஓ 2025 பிப்ரவரியில் சந்தைக்கு வந்தது, மொத்தம் 3,027 கோடி. அதில் கம்பெனிக்குள் போனது 300 கோடிதான். மிச்சமெல்லாம் ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்றது. தப்பே இல்லை, போட்டவன் ஒரு நாள் எடுப்பான். ஆனால் பங்கு 402 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டு முதல் நாள் ஏறக்குறைய அங்கேயே நின்றது. நம்மைப் போன்ற சில்லறைக்காரர்களுக்கு ஒதுக்கிய பங்கு முழுசாக நிரம்பவும் இல்லை. (அதே 2025 நவம்பரில் கண்ணாடி விற்கிற லென்ஸ்கார்ட் ஐபிஓவும் அதே 402 ரூபாய்க்குத்தான் வந்தது, கண்ணுக்கு அது ராசி எண்ணோ என்னவோ.) பட்டியலில் இருக்கிற பெரிய கம்பெனிக்கே இதுதான் நிலைமை என்றால், இன்னும் பட்டியலுக்கே வராத கம்பெனியின் பங்கை மூன்று மடங்கு என்று பேசுவது ஜோசியம். ஐபிஓ தள்ளிப்போனால் அந்தப் பேப்பரை யாரிடம் விற்பீர்கள்? ரொக்கத்தை மட்டும் விலையாக நினைத்துக் கணக்குப் போடுங்கள்.

தில்லைநகர்க்காரன்:

பங்கு, பேப்பர் என்றதும் எனக்கு வாசன் ஐ கேர்தான் ஞாபகம் வருகிறது. 2002-ல் எங்கள் திருச்சியில் அவர்களுடைய முதல் கண் ஆஸ்பத்திரி. கொஞ்ச வருடத்தில் டி.வி.யைத் திருப்பினால் "நாங்க இருக்கோம்", பஸ் பின்னாடி பார்த்தால் "நாங்க இருக்கோம்". செக்கோயா பணம் போட்டது, 2012-ல் சிங்கப்பூர் அரசின் ஜிஐசி போட்டது. 150 கிளைக்கு மேல் போனார்கள். 2017-ல் சென்னைக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கை ஆரம்பித்தது. அதற்கு மனுப் போட்டது ஏதோ பேங்க் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இல்லை, சரக்கு சப்ளை பண்ணிய ஆல்கான் கம்பெனி. நிறுவனர் அருண் 2020 நவம்பரில் இறந்துபோனார். கடைசியில் 2023-ல் மேலே ஆடிட்டர் சொன்ன ஏஎஸ்ஜி சுமார் 526 கோடிக்கு எடுத்துக்கொண்டது.

என் அப்பாவுக்கு ரெண்டு கண்ணும் அங்கேதான் பண்ணினோம், இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார், ஆகவே வைத்தியத்தில் குறை சொல்ல மாட்டேன். கிளையை எண்ணி வளர்ச்சி என்று சொல்லாதீர்கள் என்பதுதான் என் கட்சி. போன வருடம் திறந்த கிளையில் இந்த வருடம் எத்தனை ஆபரேஷன் என்று கேளுங்கள். 14 வருடமாக ஓடுகிற உங்கள் அக்கா கிளினிக்கை அவர்கள் ஏன் வாங்க வருகிறார்கள்? புதுசாகத் திறந்தால் இந்த 45 ஆபரேஷன் வர எத்தனை வருடமாகும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால்தான்.

வெள்ளெழுத்து:

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணாடிப் பவர் பார்க்கிற வேலை. நாலு வருடம் ஒரு செயினில் இருந்தேன், பெயர் வேண்டாம். உள்ளே எப்படி ஓடும் என்று சொல்கிறேன்.

காலை எட்டரைக்கு ஒரு மீட்டிங். நேற்று ஓ.பி. எத்தனை, அதில் ஆபரேஷன் எழுதியது எத்தனை, எழுதியதில் தேதி வாங்கிப் போனவர் எத்தனை. கடைசி நம்பருக்குத்தான் திட்டு. டாக்டர் பார்த்து முடித்ததும் பேஷன்ட் நேரே, ஆபரேஷன், லென்ஸ் விவரம் பேசுகிற கவுன்சிலர் டேபிளுக்குப் போவார். அங்கே லேமினேட் செய்த அட்டையில் நாலு லென்ஸ் படம் இருக்கும், இடது ஓரத்தில் மலிவானது, வலது ஓரத்தில் தூரம், கிட்டம் ரெண்டும் தெரிகிற விலை கூடின லென்ஸ். இடது ஓரத்தைக் கவுன்சிலர் கையால் மறைத்தபடிதான் பேச ஆரம்பிப்பார். ஒரு தடவை ஒரு தாத்தா, அரியலூர் பக்கம், மாடு விற்ற பணத்தை மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். வலது ஓரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் வாழ்க்கையில் படிக்கிற பழக்கமே கிடையாது, கிட்டத்தில் என்ன பார்க்கப் போகிறார்? ராத்திரி லைட்டைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்று மூன்று தடவை வந்தார். அந்த மாதம்தான் பேப்பர் போட்டேன்.

ஆனால் நல்லதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் நான் இருந்த சின்ன கிளினிக்கில் சர்க்கரையால் விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தால் மதுரைக்கு எழுதிக் கொடுத்து அனுப்புவோம், பாதிப் பேர் போகவே மாட்டார்கள். செயினில் அதே கட்டிடத்தில் விழித்திரையைப் பார்க்கிற ஓசிடி ஸ்கேன் எடுத்து, வாரம் ரெண்டு நாள் ரெட்டினா டாக்டர் வந்து ஊசி போட்டுவிடுவார். ஸ்டெரிலைசேஷன் எல்லாம் கறாராக இருக்கும். கண்ணாடியைக் கழற்றுகிற ஸ்மைல் ஆபரேஷனுக்கான லேசர் மெஷினைத் தனி டாக்டர் ஒருவர் வாங்க முடியுமா சொல்லுங்கள், மெஷின் விலை போக ஒவ்வொரு கண்ணுக்கும் கம்பெனிக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

உங்கள் அக்காவுக்கு அந்த எட்டரை மணி மீட்டிங் ஒத்துவருமா என்று மட்டும் கேளுங்கள்.

வைகைவாசி:

எல்லோரும் முதலீட்டையே பேசுகிறீர்கள். எங்கள் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்தார், வெளி முதலீட்டாளர் யாருமில்லை, அது டிரஸ்ட், நீங்கள் நினைத்தாலும் பங்கு வாங்க முடியாது. பாதிக்கு மேல் பேஷன்ட்டுக்கு இலவசம் அல்லது சலுகை விலை. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992-ல் ஆரோலேபை ஆரம்பித்துத் தாங்களே லென்ஸ் செய்தார்கள். தியேட்டரில் டாக்டருக்கு ரெண்டு டேபிள், ஒன்றில் முடிக்கும்போது பக்கத்து டேபிளில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார், மைக்ரோஸ்கோப் அப்படியே திரும்பும். இந்தத் தொழிலில் விலை உயர்ந்த சரக்கு டாக்டரின் நேரம்தான், அவர்கள் அதை வீணாக்குவதில்லை.

பழைய ஆடிட்டர்:

வைகைவாசி சொன்னது உண்மைதான், ஆனால் டிரஸ்ட் ஆரம்பிக்கிற யோசனையில் அவர் அக்கா இல்லையே. இருந்தாலும் ரெண்டு டேபிள் விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காவிரிக்கரையான், அக்கா வாரத்தில் எத்தனை நாள் ஆபரேஷன் பண்ணுகிறார்?

காவிரிக்கரையான்:

செவ்வாய், வெள்ளி காலை மட்டும். மற்ற நாள் ஓ.பி., அதில் பாதி நேரம் கண்ணாடிப் பவர் பார்ப்பதிலேயே போகிறது. ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் ஒருத்தி இருந்தாள், கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள், அதற்கப்புறம் ஆளே போடவில்லை.

பழைய ஆடிட்டர்:

இதைத்தான் எதிர்பார்த்தேன். அவர்கள் வாங்கினால் முதல் மாதம் செய்யப்போவது ரெண்டு ஆப்டோமெட்ரிஸ்டைப் போட்டு, அக்காவை ஓ.பி.யிலிருந்து எழுப்பித் தியேட்டருக்கு அனுப்புவது. 45 என்பது 80 ஆகும். அந்தக் கூடுதல் 35-ல் நூற்றுக்கு 60 அவர்களுக்கு. அதை நீங்களே செய்ய எவ்வளவு ஆகும்? ரெண்டு சம்பளம், இன்னொரு செட் கருவி, முடிந்தால் புது பேகோ மெஷின். நீங்கள்தான் பேங்கில் இருக்கிறீர்கள், லோன் கணக்கு போடத் தெரியாதா?

விற்பதாகவே முடிவானால் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, 5 வருடச் சம்பளம் நிலையானதா, வசூலில் பங்கா. வசூலில் என்றால் கழிவுகள் போன பிறகா, முன்னாலா. ரெண்டு, போட்டியாகத் தொழில் செய்யக் கூடாது என்ற ஷரத்து. வெறும் வேலை ஒப்பந்தம் என்றால், வேலையை விட்ட பிறகு தொழில் செய்யக் கூடாது என்பது நம் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின் முன் நிற்காது, ஆனால் நற்பெயரோடு (குட்வில்) தொழிலை விற்றவருக்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது, நியாயமான எல்லைக்குள் அது செல்லும். நாளைக்குச் சண்டை வந்தால் அக்கா கும்பகோணத்தில் போர்டு மாட்ட முடியாமல் போகலாம். மூன்று, வரி. நீண்டகால மூலதன ஆதாயம் 12.5 சதவீதம், சொந்தமாகச் சம்பாதித்த நற்பெயருக்கு அசல் விலை பூஜ்யம் என்பதால் அந்தத் தொகை முழுவதுமே ஆதாயக் கணக்கில் வரும். பங்காகக் கொடுக்கிற பாதிக்கும் வரி உண்டு, கையில் காசு வராமலே வரி கட்டுவது எப்படி என்று அத்தானைக் கேளுங்கள்.

காவிரிக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்து இந்தத் திரி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அரியலூர் தாத்தா வந்த இடத்தில் அக்கா எழுந்து கீழே போய்விட்டாள். வரி வந்த இடத்தில் அத்தான் பேச்சை நிறுத்திவிட்டார்.

இன்று காலை அக்காவே அவர்களுக்கு போன் செய்து, மூன்று வருடம் முன்னால் நீங்கள் வாங்கிய கிளினிக்குகளில் விற்ற டாக்டர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், ரெண்டு பேர் நம்பர் கொடுங்கள், நான் பேச வேண்டும் என்று கேட்டாள். மெயிலில் அனுப்புகிறோம் என்றார்கள். இதுவரை வரவில்லை. போர்டில் அக்கா பெயரைச் சின்ன எழுத்தில் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் ஒரு வாட்ஸ்அப் வந்திருக்கிறது.

அத்தான் மத்தியானம் பேகோ மெஷின் கம்பெனிக்காரரைக் கொட்டேஷனோடு வரச் சொல்லியிருக்கிறார். ஆப்டோமெட்ரிஸ்ட் யாராவது கும்பகோணம் பக்கம் வேலை தேடினால் தனிச்செய்தி அனுப்புங்கள். வெள்ளெழுத்து, உங்களுக்கு எந்த ஊர்?