மண்டி பில்லில் ஒரு பைசா இடிக்குது, ஊர்ப் பெயரில் புள்ளி போகுது: எந்த டேட்டா டைப் போடணும்?

மஞ்சக்காடு (ஈரோடு):

வணக்கமுங்க. மஞ்சள் மண்டிக்கு சி மொழியில் பில் புரோகிராம். எடை, குவிண்டால் விலை, தொகை மூணும் ஃப்ளோட் (தசம எண் வகை). ஹெச்எஸ்என் கோடும் (ஜிஎஸ்டி சரக்குக் குறியீடு) செல் நம்பரும் இன்ட் (முழு எண் வகை). ஊர்ப் பெயருக்கு சார் 50 (50 பைட் எழுத்து வரிசை). நீளமா இருந்தா 49 பைட்டோடு வெட்டி வைக்குது.

சின்ன பில் எல்லாம் சரியா வருது. 2,85,431.40 வர வேண்டியது 2,85,431.41 என்று அச்சாகுது. ஹெச்எஸ்என் 0910 என்று அடித்தால் 910. செல் நம்பர் சம்பந்தமே இல்லாத எண்ணா மாறுது. பவானி, பெருந்துறை எல்லாம் ஒழுங்கா வருது. கோபிசெட்டிபாளையம் மட்டும் கடைசிப் புள்ளி போய், அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிக்குது. ஃப்ளோட்டை டபுளா (இன்னும் நுட்பமான தசம எண் வகை) மாத்தினாப் போதுமுங்களா?

நொய்யல்கரை:

டபுள் போட்டா இந்த ஒரு பில் சரியாகும். ஆனாலும் காசை அதில் வைக்காதீங்க.

ஃப்ளோட் 32 பிட். அதில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட்தான். ரூபாயும் பைசாவும் அதுக்குள்ளேயே அடங்கணும், அதனால ரூபாய் பெருகப் பெருக பைசாவுக்கு இடம் சுருங்கும். 2,62,144 முதல் 5,24,288 வரை அடுத்தடுத்த ரெண்டு ஃப்ளோட் எண்ணுக்கு நடுவில் 0.03125 இடைவெளி, அதாவது மூணு பைசாவுக்கு மேல. உங்க தொகைக்கு ரெண்டு பக்கமும் இருப்பது .375-ம் .40625-ம். .40-க்குக் கிட்ட இருப்பது .40625, ரெண்டு தசமத்தில் அச்சடிச்சா .41. 1,31,072-க்குக் கீழே இடைவெளி ஒரு பைசாவைத் தாண்டாது, அதான் சின்ன பில் தப்பிச்சுது.

டபுளில் 53 பிட் இருக்கு. இருந்தும் பத்து பைசா, அதாவது 0.10, இரும முறையில் (0, 1 மட்டும் வைத்து எழுதுவது) முடிவில்லாத பின்னம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். பேரேடும் பில்லும் ஒத்துப் பார்க்கிற இடத்தில் இது கழுத்தை அறுக்கும்.

தொகையைப் பைசாவாவும் எடையைக் கிராமாவும் முழு எண்ணா வையுங்க. 62.350 கிலோ விரலி மஞ்சள், குவிண்டால் 14,235 ரூபாய் என்று வைப்போம். 62350 × 1423500 = 88755225000. குவிண்டாலுக்கு 1,00,000 கிராம், அதால் வகுத்தா 887552.25 பைசா, பில் 8,875.52. பெருக்கலை முதலில், வகுத்தலைக் கடைசியில் செய்யுங்க. வகுக்கும் முன்னால் 50000 கூட்டினா அரைப் பைசா மேலே போகும்.

இதுக்கு இன்ட் பத்தாது. அதன் உச்சம் 2147483647. பைசாவாப் பார்த்தா 2,14,74,836 ரூபாய் 47 பைசாவோடு தீர்ந்தது. மேலே அந்தப் பெருக்கல் ஒண்ணே அதைத் தாண்டிடுச்சு. லாங் லாங் (64 பிட் முழு எண் வகை) போடுங்க. 6, 7, 8, 9-ல் தொடங்கும் பத்து இலக்க செல் நம்பரும் அதே உச்சத்தில்தான் முட்டுது.

அதுக்காக செல் நம்பருக்கு லாங் லாங் வேண்டாமுங்க. அதை யாரும் கூட்டுவதில்லை, எழுத்தா வையுங்க: பத்து இலக்கம், முடிவுக் குறிக்கு ஒரு பைட், சார் 11. ஹெச்எஸ்என்-ம் அப்படியே, எட்டு இலக்கத்துக்கு சார் 9. எண்ணுக்கு முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை, இன்ட் அதைத் தூக்கி எறிஞ்சிடும். சி நிரலுக்குள் 0910 என்று நேரா எழுதினா கம்பைலே ஆகாது: சுழியத்தில் தொடங்கினா எட்டடிமான எண் (0 முதல் 7 வரை இலக்கம்தான்), அதில் 9-க்கு இடமில்லை.

வாய்க்கால்மேடு:

புள்ளி விஷயம். சி-யில் ஒரு சார் என்பது ஒரு பைட், ஓர் எழுத்து இல்லை. யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் முறை) குறியீடுகளை பைட்டா எழுதும் யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூணு பைட். கோபிசெட்டிபாளையம் நம் கண்ணுக்கு 9 எழுத்து. உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனி என்பதால் யூனிகோடுக்கு 17 குறியீடு, ஆக 51 பைட். உங்க வரிசையில் 49 நிக்கும். ம வரைக்கும் 48. அடுத்த புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. அதில் 224 மட்டும் உள்ளே வந்து அநாதையா நிக்குது. அந்தக் கட்டம் அதுதான்.

எழுத்துக்கு 6 பைட், முடிவுக்கு 1: முப்பது எழுத்துப் பெயருக்கு 181. ஸ்ரீ ஒண்ணே 12 பைட் எடுக்கும், கொஞ்சம் தாராளமா 200 வையுங்க. வெட்டியே ஆகணும்னா 128 முதல் 191 வரை உள்ள பைட்டில் (அது ஒரு குறியீட்டின் தொடர்ச்சி) வெட்டைத் தொடங்காம பின்னால் நகருங்க. அப்பவும் ம் வெறும் ம ஆகிடும். அடுத்து வருவது குறியோ புள்ளியோ என்றால் மெய்யையும் சேர்த்து விடணும்.

இன்னொண்ணு. ஈரோடு என்பதில் ரோ-வின் குறியை ஒரே குறியீடாவும் எழுதலாம், ே, ா என ரெண்டாவும் எழுதலாம். பார்வைக்கு ஒண்ணு, பைட் 15, 18. ஒப்பிட்டுத் தேடினா ஒண்ணை ஒண்ணு கண்டுக்காது. சேமிக்கும் முன்னாலேயே எல்லாத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிஞ்ச குறிகளை ஒண்ணாச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாத்திடுங்க.

மஞ்சக்காடு (ஈரோடு):

ரொம்ப நன்றிங்க. பழைய ஃபைலில் டபுளா இருந்த செஸ் வரித் தொகையை நூறால் பெருக்கி லாங் லாங்குக்கு மாத்தினேன். சிலதில் ஒரு பைசா குறையுதுங்களே?

நொய்யல்கரை:

4.35-ஐ டபுளில் நூறால் பெருக்கினா 434.99999999999994 வரும். முழு எண்ணா மாத்தும்போது தசமத்தை வெட்டும், ரவுண்ட் செய்யாது, ஆக 434. பெருக்கியதும் எல்எல்ரவுண்ட் (கிட்டத்து முழு எண்ணாக்கும் சி ஃபங்ஷன்) போட்டா 435 வரும். புதுசா அடிக்கும் தொகையை டபுளுக்கே கொண்டு போகாதீங்க; எழுத்தா வாங்கி, புள்ளிக்கு முன்னால் ரூபாய், பின்னால் பைசா என்று பிரிச்சுக்கங்க. 4.5 என்று அடிச்சா அது 50 பைசா, 5 இல்லை. அதை மறக்காமப் பாருங்க. ஃப்ளோட்டில் கிடந்த பெரிய பில்களுக்கு ரவுண்ட் உதவாது, அந்தப் பைசா ஃபைலிலேயே இல்லை. எடைச் சீட்டையும் ஏல விலையையும் வச்சுத் திரும்பக் கணக்குப் போடுங்க.