பிங் போகிறது, மவுண்ட் மட்டும் 'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்கிறது: உபுண்டு 22.04

மவுண்ட்ரோடு:
ஆபீஸில் பழைய நாஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் சேமிக்கும்) பெட்டி ஒன்று, ஐபி 192.168.1.20. அதில் 'பில்ஸ்' என்று ஒரு ஷேர். விண்டோஸ் 7 மெஷினில் சிக்கலில்லாமல் திறக்கிறது. உபுண்டுவில், ஷேரை மவுண்ட் செய்ய (ஃபோல்டராக இணைக்க) உதவும் சிஃப்ஸ்-யூட்டில்ஸ் போட்டுவிட்டு இப்படிக் கொடுத்தேன்:

சூடோ மவுண்ட் -டி சிஃப்ஸ் //192.168.1.20/பில்ஸ் /எம்என்டி/பில்ஸ் -ஓ யூசர்நேம்=ஆபீஸ்

பாஸ்வேர்டு கேட்கிறது, அடுத்து 'மவுண்ட் எரர்(112): ஹோஸ்ட் இஸ் டவுன்'. வேறொரு விண்டோஸ் 11 ஷேர் மவுண்ட் ஆகிறது, ஆனால் சூடோ இல்லாமல் அதில் எழுத முடியவில்லை. ரீபூட் ஆனாலும் இரண்டும் தானாக வர வேண்டும்.

கருந்திரை:
112-க்குப் பெரும்பாலும் காரணம் எஸ்எம்பி (ஷேர் ஃபைல்களைப் பரிமாறும் நெறிமுறை) பதிப்பு ஒத்துவராததுதான். லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 4.13 முதல், ஷேரை இணைக்கும் சிஃப்ஸ் தானாக எஸ்எம்பி 1-ஐ முயல்வதில்லை. அது மட்டுமே தெரிந்த பெட்டி, தொடக்கத்திலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். அதைத்தான் 'டவுன்' என்று காட்டுகிறது. வெர்ஸ்=1.0 சேர்த்தால் இந்தக் கட்டம் தாண்டும்.

தாண்டியதும் எரர் 13 (அனுமதி மறுப்பு) வந்து நிற்கலாம். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 13 என்றால், 22.04-இன் 5.15 கெர்னலில் என்டிஎல்எம் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை) பழைய பதிப்பையே நீக்கிவிட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். செக்=என்டிஎல்எம் கொடுத்தும் பயனில்லை. என்டிஎல்எம்வி2 தெரியாத பெட்டியோடு இந்தக் கெர்னல் பேசாது.

ஆகவே முதலில் நாஸின் செட்டிங்ஸில் எஸ்எம்பி 2 இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வெர்ஸ்=2.0 என்று எழுதியே கொடுக்க வேண்டும், எழுதாவிட்டால் 2.1-க்குக் கீழே இறங்காது. 2017-இல் வானாக்ரை வைரஸ் பரவியது எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். பில் ஃபைல்கள் உள்ள பெட்டியில் அதைத் திறந்து வைப்பது வேண்டாத வேலை.

ஒத்தையடி:
எழுத முடியாதது தனிப் பிரச்சினை. மவுண்ட் செய்வது ரூட் (நிர்வாகி) கணக்கு, அதனால் ஃபைல்களும் ரூட் பெயரில் தெரிகின்றன. யூஐடி=1000,ஜிஐடி=1000 சேர்த்துவிடுங்கள்; உங்கள் யூசர் எண் அதுதானா என்று ஐடி கட்டளை சொல்லும். அனுமதி, உரிமையாளரை மாற்றும் சிமோட், சௌன் கட்டளைகள் இங்கே வேலைக்காகாது. அனுமதியை மாற்ற ஃபைல்_மோட், டிர்_மோட் ஆப்ஷன்கள் இருக்கின்றன.

அப்படியும் எழுதவில்லை என்றால் விண்டோஸ் பக்கம் போங்கள். ஷேரிங் டேபில் ஓர் அனுமதி, செக்யூரிட்டி டேபில் ஓர் அனுமதி. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் 'எவ்ரிஒன்' என்றால் ரீட் மட்டும் என்றே பல இடங்களில் கிடக்கும்.

எரர் 2 வந்தால் ஷேர் பெயர் தப்பு. எஸ்எம்பிகிளையன்ட் -எல் //192.168.1.20 -யூ ஆபீஸ் என்று கேட்டால் சரியான பெயர்களைப் பட்டியலிடும்.

டீமன்:
ரீபூட் விஷயம். பாஸ்வேர்டை, தானாக மவுண்ட் ஆக வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேபில் எழுதாதீர்கள், அந்த ஃபைலை மெஷினில் உள்ள யாரும் படிக்கலாம். பாஸ்வேர்டில் காற்புள்ளி இருந்தால் ஆப்ஷன் வரியும் அங்கேயே உடைந்துவிடும். /ரூட்/.நாஸ்கிரெட் என்று ஒரு ஃபைல், உள்ளே இரண்டு வரி:

யூசர்நேம்=ஆபீஸ்
பாஸ்வேர்டு=உங்களுடையது

சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடாதீர்கள். ஃபைலுக்கு சிமோட் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுதலாம்). பிறகு எஃப்எஸ்டேபில் ஒரே வரியாக:

//192.168.1.20/பில்ஸ் /எம்என்டி/பில்ஸ் சிஃப்ஸ் கிரெடென்ஷியல்ஸ்=/ரூட்/.நாஸ்கிரெட்,வெர்ஸ்=2.0,யூஐடி=1000,ஜிஐடி=1000,_நெட்டெவ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் 0 0

கடைசி ஆப்ஷன் முக்கியம். பூட் ஆகும்போது இணைக்காமல், ஃபோல்டரை முதல்முறை திறக்கும்போது இணைக்கும். வைஃபை தாமதமாக வந்தாலும் கவலையில்லை. ஷேர் பெயரில் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் \040. ரீபூட் செய்து சோதிக்க வேண்டாம்: சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், பின் சூடோ மவுண்ட் -ஏ. வரியில் பிழை இருந்தால் அப்போதே கத்தும்.

மவுண்ட்ரோடு:
நாஸில் எஸ்எம்பி 2 அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆன் செய்து வெர்ஸ்=2.0 கொடுத்ததும் வந்துவிட்டது. ஒரு விர்ச்சுவல் சர்வரில், தமிழ் ஃபைல் பெயர்களுக்காக ஐஓகேர்செட்=யூடிஎஃப்8 சேர்த்து அதே வரியைப் போட்டால் எரர் 79: 'கேன் நாட் ஆக்சஸ் எ நீடட் ஷேர்டு லைப்ரரி'. எந்த லைப்ரரி?

கருந்திரை:
லைப்ரரியே இல்லை, செய்தி திசைதிருப்புகிறது. இல்லாதது எழுத்துக் குறியாக்கத்தைக் கையாளும் என்எல்எஸ்_யூடிஎஃப்8 என்ற கெர்னல் மாட்யூல். விர்ச்சுவல் மெஷினுக்கான மெலிந்த கெர்னலில் அதைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற பேக்கேஜை, யூநேம் -ஆர் காட்டும் அதே கெர்னல் எண்ணோடு இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு சூடோ மோட்புரோப் என்எல்எஸ்_யூடிஎஃப்8. அது எதுவும் சொல்லாமல் திரும்பினால் மவுண்ட் ஆகும். அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டாலும் மவுண்ட் ஆகத்தான் செய்யும், ஆனால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும்; அந்த ஃபைல்களைத் திறக்கவும் முடியாது.