ஓர் எழுத்தோடு ஊமையான கீபோர்டு: இன்டரப்ட் எழுதியவர்களின் கதைகள்

கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதிப் பழகுகிறவர்களும், சாதனங்களை இயக்கும் டிரைவர் எழுதியே சோறு தின்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஒரு சாதனம் ப்ராசஸரைக் குறுக்கிட்டு அழைப்பது இன்டரப்ட், அந்த அழைப்பு வந்ததும் ஓடும் கோடு இன்டரப்ட் ஹேண்ட்லர். அது உங்களை எப்படி அலையவிட்டது என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்கக் கூடாது என்பதால் என் கதையை முதலில் வைக்கிறேன்.

கல்லூரி முடிந்து வேலைக்கு அழைப்பு வரும்வரை வீட்டில் இருந்த மாதங்களில் 32 பிட் எக்ஸ்86 கணினிக்கு ஒரு பொடிக் கர்னல் எழுத ஆரம்பித்தேன். ஓட்டிப் பார்த்ததெல்லாம் நிஜக் கணினியைப் போல நடிக்கும் கியூஎமு எமுலேட்டரில்தான். திரையில் எழுத்து வந்துவிட்டது, மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கையாளும் பேஜிங்கும் ஒருவழியாக வந்துவிட்டது. அடுத்து கீபோர்டு. எந்த எண்ணில் இன்டரப்ட் வந்தால் எந்த ஹேண்ட்லர் ஓட வேண்டும் என்று சொல்லும், 256 இடங்கள் உள்ள இன்டரப்ட் டேபிளை நிரப்பி, 'இனி இன்டரப்ட் வரலாம்' என்று ப்ராசஸருக்குச் சொல்லும் எஸ்டிஐ கட்டளையைப் போட்டேன். கீபோர்டைத் தொடக்கூட இல்லை, திரையில் 'டபுள் ஃபால்ட்' என்று வந்து நின்றது.

ஒரு தவறைக் கையாளப் போன இடத்தில் இன்னொரு தவறு நடந்தால்தான் டபுள் ஃபால்ட். அப்படியானால் பேஜிங்கில்தான் கோளாறு என்று நானே முடிவுகட்டி, இரண்டு நாள் பேஜ் டேபிளை வரிவரியாகத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. டபுள் ஃபால்ட்டுக்கு ப்ராசஸர் ஸ்டாக்கில் வைக்கும் எரர் கோடு எப்போதும் பூஜ்யம். என் திரையிலோ எரர் கோடு என்ற இடத்தில் ஏதோ ஒரு பெரிய எண். கம்பைல் ஆன கர்னலின் கட்டளைகளை முகவரியோடு காட்டும் டிஸ்அசெம்பிளியில் அதைத் தேடினால் என் கர்னலுக்குள்ளேயே ஒரு முகவரி, அதுவும் எஸ்டிஐக்கு அடுத்து, இன்டரப்ட் வரும்வரை சும்மா காத்திருக்க நான் போட்டிருந்த ஹால்ட் லூப்புக்குள். ஆக, எரர் கோடே வரவில்லை. திரும்பிப் போவதற்காக ப்ராசஸர் வைத்த முகவரியை என் ஹேண்ட்லர் எரர் கோடு என்று படித்திருக்கிறது.

வந்தது டைமர். சாதனங்களின் இன்டரப்டுகளை வாங்கி ப்ராசஸருக்கு அனுப்பும் 8259 இன்டரப்ட் கன்ட்ரோலரின் முதல் எட்டு லைன்களும் 8 முதல் 15 வரையிலான எண்களில் வந்து விழும்படி, கணினி தொடங்கும்போது ஓடும் பயாஸ் வைத்துவிட்டுப் போகிறது. முதல் 32 எண்கள் ப்ராசஸருக்கென்று இன்டெல் ஒதுக்கியவை. 1981இல் வந்த ஐபிஎம் பிசி அதைப் பொருட்படுத்தாமல் அங்கேயே குடியேறிவிட்டது. டைமரின் எண் 8, டபுள் ஃபால்ட்டின் எண்ணும் 8. பயாஸ் விட்டுச்சென்ற வேகத்தில் டைமர் வினாடிக்குப் பதினெட்டு முறை அடிக்கும். எஸ்டிஐ போட்டுக் கண் சிமிட்டுவதற்குள் முதல் அடி விழுந்துவிடுகிறது.

கன்ட்ரோலரிடம் சொல்லி எண்களை 32 முதல் 47 வரை தள்ளினேன். டைமர் ஓடியது. கீபோர்டில் 'ஏ' அழுத்தினேன், திரையில் வந்தது. வீட்டில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், 'அவ்வளவுதானா' என்றார். அடுத்த எழுத்தை அழுத்தினேன், வரவில்லை. அதற்கப்புறம் எதுவுமே வரவில்லை.

என்னைக் குழப்பியது, திரையின் மூலையில் நான் வைத்திருந்த கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததுதான். கடிகாரம் ஓடுகிறதே, அப்படியானால் இன்டரப்ட் எல்லாம் சரிதானே என்று நம்பினேன். டைமர் ஹேண்ட்லரின் கடைசியில் 'முடிந்தது' என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஈஓஐயை எழுதியிருந்தேன், கீபோர்டு ஹேண்ட்லரில் மறந்துவிட்டேன். கீபோர்டு வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து கன்ட்ரோலர் அந்த லைனையும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறது. டைமர் முன்னுரிமையில் அதற்கு மேலே இருப்பதால் அதற்குத் தடையில்லை. 'ஏ'யை விட்டபோது வரவேண்டிய 158 என்ற கோடுகூட வந்து சேரவில்லை. அழுத்தியதற்கான 30 மட்டும்தான் வந்திருந்தது. அதை அன்றைக்கே கவனித்திருந்தால் ஒரு ராத்திரி மிச்சம்.

* * *

தம்பி, உங்கள் கதையில் கன்ட்ரோலரிடம் சொல்ல மறந்தீர்கள். என் கதையில் எல்லோரிடமும் சொன்னேன், ஆனாலும் செத்தது.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஆர்ம் சிப் போட்ட ஒரு கருவிக்கு டச் ஸ்கிரீன் டிரைவர். பொது இடத்தில் நிற்கும் கருவி. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஐ2சி பஸ்ஸில் டச் சிப் தொங்குகிறது, தகவல் இருந்தால் ஒரு லைனைக் கீழே இழுக்கும். ஹேண்ட்லருக்குள்ளேயே ஐ2சி படித்துவிடலாம் என்று எழுதினேன். முதல் தொடுதலிலேயே லாக் முழுக்க 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்'. ஐ2சி பரிமாற்றம் பஸ்ஸுக்காகக் காத்துத் தூங்கக்கூடியது, இன்டரப்ட் ஹேண்ட்லர் தூங்கக் கூடாது. பாடத்தில் படித்ததுதான், கை எழுதும்போது ஞாபகம் வருவதில்லை. ஹேண்ட்லரின் வேலையைத் தூங்கக்கூடிய ஒரு த்ரெட்டில் ஓட்டும் த்ரெடட் இன்டரப்ட் லினக்ஸ் 2.6.30இலிருந்தே இருக்கிறது. ஹேண்ட்லரை த்ரெட்டுக்கு மாற்றினேன், எல்லாம் ஓடியது, கருவிகளை அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் புகார். 'ஸ்கிரீன் தொட்டால் வேலை செய்யவில்லை, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிறது.' எங்கள் மேஜையில் ஒரு தடவைகூட வரவில்லை. கடைசியில் செத்த நிலையிலேயே ஒரு கருவியை மின்சாரம் அணைக்காமல், பேட்டரி பேக்கோடு காரில் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். ஆஸிலோஸ்கோப்பை லைனில் வைத்தேன். பூஜ்யம் வோல்ட். மேலேயும் போகவில்லை, துடிக்கவும் இல்லை. சிப் 'என்னிடம் தகவல் இருக்கிறது, எடுத்துக்கொள்' என்று லைனைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்கிறது. கர்னல் பக்கம் அசைவே இல்லை.

நான் போட்டிருந்தது எட்ஜ் ட்ரிகர். லைன் மேலிருந்து கீழே விழும் கணத்தைத்தான் கர்னல் பார்க்கும். ஒரு இன்டரப்டுக்கு ஒரு தொடுதல் படித்துவிட்டுத் திரும்பினேன். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தொடுதல் வந்தால், சிப்பின் வரிசையில் ஒன்று மிச்சமிருக்கும், லைன் மேலே ஏறாது. ஏறாத லைன் எப்படி விழும்? எங்கள் ஆபீஸில் ஒரு விரலால் பதவிசாகத் தொட்டோம். வெளியே பொறுமை இல்லாத ஜனம் நாலு விரலால் அடித்திருக்கிறது.

லைன் கீழே இருக்கும்வரை இன்டரப்ட் தரும் லெவல் ட்ரிகருக்கு மாற்றி, த்ரெட் முடியும்வரை லைனை மூடிவைக்கும் ஒன்ஷாட் கொடியைப் போட்டேன். முடித்துத் திறக்கும்போது லைன் இன்னும் கீழே இருந்தால் உடனே மறுபடி வரும். மாறியது ஒரே வரி. அந்த வரிக்காகக் காரில் வந்த கருவியை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

நான் இளைஞர்களிடம் கேட்பது இதைத்தான். வேலை முடிந்தது என்று யார் யாரிடம் சொல்கிறாய், எந்த வரிசையில் சொல்கிறாய்? சாதனத்திடம், கன்ட்ரோலரிடம், கர்னலிடம். இன்டரப்டில் நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி இந்த வரிசைக்குள்தான் இருந்தன.

* * *

மேலே அண்ணா சொன்ன வரிசை விஷயத்துக்கு என்னிடம் ஒரு சின்ன உதாரணம். கார்டெக்ஸ் எம் மைக்ரோகன்ட்ரோலர், டைமர் இன்டரப்டில் ஒரு கவுண்ட்டர். வினாடிக்கு 100 ஏறவேண்டிய இடத்தில் 200 ஏறியது. டைமர் கணக்கைத்தான் தப்பாகப் போட்டேன் என்று கிளாக் ரெஜிஸ்டர்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது. ஸ்கோப்பில் பார்த்தால் டைமர் சரியாக 100தான் அடிக்கிறது. துல்லியமாக இரண்டு மடங்கு என்பதே துப்பு, எனக்குத்தான் விளங்கவில்லை.

டைமர் அடித்ததும் ஏற்றிவைக்கும் கொடியை (ஃப்ளாக்) அணைக்கும் வரி ஹேண்ட்லரின் கடைசி வரி. ப்ராசஸர் 'அணை' என்று எழுதுவதை பஃபரில் போட்டுவிட்டு ஹேண்ட்லரைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. எழுதியது மெதுவான பஸ்ஸில் ஊர்ந்து டைமருக்குப் போய்ச் சேர்வதற்குள், 'கொடி இன்னும் எரிகிறதே' என்று மறுபடி உள்ளே நுழைகிறது. அணைக்கும் வரியை ஹேண்ட்லரின் முதல் வரிக்குத் தூக்கினேன், தீர்ந்தது. பிசிஐ சாதனங்களிலும் இதே கதை உண்டு. எழுதிய ரெஜிஸ்டரை ஒருமுறை திரும்பப் படித்தால்தான் எழுதியது போய்ச் சேர்ந்தது என்று உறுதி.

* * *

என் லேப்டாப்பில் நடந்தது, இரண்டே வரி. நானே எழுதிய டிரைவரை ஏற்றினேன், கொஞ்ச நேரத்தில் யுஎஸ்பி மவுஸ் நின்றது. லாக்கில் 'ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்'. யாருமே கண்டுக்கல என்று கர்னலே கோபித்துக்கொண்டு லைனை மூடிவிட்டது. ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900க்கு மேல் 'என்னுடையதில்லை' என்றே பதில் வந்தால் லினக்ஸ் அப்படித்தான் செய்யும். என் சாதனமும் யுஎஸ்பி கன்ட்ரோலரும் ஒரே லைனைப் பங்குபோட்டிருந்தன. கத்தியது என் சாதனம், நான் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைத் தப்பான இடத்தில் படித்து 'நான் இல்லை' என்றேன். பாவம், தண்டனை மவுஸுக்கும் சேர்த்து.

* * *

நான் நெட்வொர்க் பக்கம். எங்களுக்கு இன்டரப்ட் வராததைவிட அதிகமாக வருவதுதான் தலைவலி. கிகாபிட் லிங்கில் மிகச் சிறிய பாக்கெட்டுகளை நெருக்கி அனுப்பினால் வினாடிக்கு 14,88,095 வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்டரப்ட் என்றால் ப்ராசஸர் வாசல்மணிக்கு ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டு வேலை எதுவும் நடக்காது. வாங்கிய பாக்கெட்டை அடுத்த படிக்குக் கொண்டுபோக நேரமில்லாமல் வரிசை நிரம்பி, வாங்கியதையே கீழே போடும். மொகல், ராமகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இலேயே இதை அலசிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். லினக்ஸின் நேப்பி ஏற்பாடும் அந்த வழிதான். முதல் இன்டரப்ட் வந்ததும் சாதனத்தின் மணியை அணைத்துவிட்டு, நாமே போய் ஒரு சுற்றுக்கு 64 பாக்கெட் வரை அள்ள வேண்டும். காலியானதும் மணியை மறுபடி போட வேண்டும்.

நான் மாட்டியது அந்த 'மறுபடி போடும்' இடத்தில். புது கார்டு ஒன்றுக்கு டிரைவர், வேகச் சோதனையெல்லாம் பிரமாதம். பாக்கெட் அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங்கை இரண்டு டெர்மினலில் ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் 0.3 மில்லி செகண்ட், 0.3, 0.2, நடுவில் திடீரென்று 1000, மறுபடி 0.3. பாக்கெட் எதுவும் தொலையவில்லை. 1000 என்ற எண்ணைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. பிங் வினாடிக்கு ஒன்று அனுப்புகிறது. அப்படியானால் ஒரு பாக்கெட் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது, அடுத்த வினாடி வரும் பாக்கெட்டின் மணியில்தான் அதுவும் வெளியே வருகிறது.

வரிசை காலி என்று பார்த்துவிட்டு, பாக்கெட் வந்ததைக் குறிக்கும் ஸ்டேட்டஸைத் துடைத்துவிட்டு, மணியைப் போட்டேன். பார்த்ததற்கும் துடைத்ததற்கும் நடுவே வந்த பாக்கெட்டின் அடையாளத்தையும் சேர்த்தே துடைத்திருக்கிறேன். துடைத்த பிறகு வரிசையை இன்னொருமுறை எட்டிப் பார்க்கும்படி மாற்றினேன். வேகச் சோதனையில் இது தெரியவே தெரியாது, அடுத்த பாக்கெட் பின்னாலேயே வந்து தள்ளிவிடும். அதனால் புது டிரைவர் எழுதினால் சும்மா பிங் போட்டு அரை மணி நேரம் பார்ப்பது என் பழக்கம்.

* * *

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. 'எழுதிச் சோறு தின்கிறவர்கள்' என்று விளையாட்டாகப் போட்டேன், மன்னிக்கவும்.

இப்போது ஒரு உதவி. டைமர் ஹேண்ட்லர் கடிகாரத்தைத் திரையில் எழுதுகிறது என்றேனே, ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும் எழுதும்படி திரைக்கு ஒரு ஸ்பின்லாக் வைத்தேன், கிடைக்கும்வரை லூப்பில் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஓடிவிட்டு அப்படியே உறைகிறது. எரர் எதுவும் இல்லை. எமுலேட்டரில் கர்னலை நிறுத்திப் பார்த்தால் எப்போதும் லாக் எடுக்கும் லூப்பிலேயே சுற்றுகிறது. ஒரே ஒரு கோர்தான், போட்டிக்கு யார் இருக்கிறார்கள்?

* * *

நீங்களேதான் போட்டி. திரையில் ஏதோ அச்சிட முதன்மை நிரல் லாக்கை எடுக்கிறது, பாதியில் டைமர் குறுக்கே வருகிறது, ஹேண்ட்லர் அதே லாக்கைக் கேட்டுச் சுற்றுகிறது. ஹேண்ட்லர் முடிந்தால்தான் முதன்மை நிரல் ஓடும், முதன்மை நிரல் ஓடினால்தான் லாக் விடுபடும். லாக் எடுக்குமுன் இன்டரப்டை மூடுங்கள், விட்டபின் திறங்கள்.

* * *

மேலே அக்கா சொன்னதில் 'திறங்கள்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. ஒரு லாக்குக்குள் இன்னொரு லாக் எடுத்தால், உள்ளே இருப்பது விடும்போதே இன்டரப்ட் திறந்துவிடும், வெளியே உள்ளது அம்பேல். மூடுவதற்கு முன் இன்டரப்ட் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதைக் காட்டும் ஃப்ளாக்ஸ் ரெஜிஸ்டரை எடுத்து வைத்து, விடும்போது அந்த நிலைக்கே திருப்புங்கள். லினக்ஸில் ஸ்பின்லாக் பெயரோடு 'ஐஆர்க்யூ சேவ்' என்று ஒன்று ஒட்டியிருப்பது அதற்குத்தான். இன்னொன்று, 64 பிட்டுக்குப் போகும்போது ரெட் ஸோனை அணைத்து கம்பைல் செய்யுங்கள். இல்லையென்றால் ஸ்டாக் பாயின்ட்டருக்குக் கீழே 128 பைட்டில் கம்பைலர் வைக்கும் மாறிகள் மேல் இன்டரப்ட் வந்து உட்காரும்.

* * *

நிலையை எடுத்து வைத்துத் திருப்புகிற மாதிரி மாற்றிவிட்டேன். நாற்பது நிமிடமாகக் கடிகாரம் ஓடுகிறது, இந்தப் பதிலை எழுதிக்கொண்டே நடுநடுவே அந்த ஜன்னலிலும் தட்டிப் பார்க்கிறேன், எழுத்துகள் வருகின்றன. ரெட் ஸோன் விஷயத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன் அண்ணா. இப்போதைக்கு 32 பிட்டிலேயே இருக்கிறேன்.