மறு: ஐயுஜிஆர், எஃப்ஜிஆர் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

வயிற்றில் இருக்கும் கரு வளர வேண்டிய அளவுக்கு வளராமல் பின்தங்குவதை ஆங்கிலத்தில் ஐயுஜிஆர் (இன்ட்ராயூட்டரைன் குரோத் ரெஸ்ட்ரிக்‌ஷன்) என்றும் எஃப்ஜிஆர் (ஃபீட்டல் குரோத் ரெஸ்ட்ரிக்‌ஷன்) என்றும் சொல்கிறார்கள். அதற்குத் தமிழில் இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: எடைகுறைச் சிசு, கருவளர்ச்சிக் குறைபாடு, கருவக வளர்ச்சித் தடை, வளர்ச்சி குன்றிய கரு.

முதலாவதைக் கழித்துவிடலாம். எடைகுறைவு என்பது பிறந்தபின் தராசு சொல்வது. 2,500 கிராமுக்குக் கீழ் என்று உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டிருக்கிறது. 34 வாரத்தில் பிறக்கும் குழந்தை 2,200 கிராம் இருந்தால் கோட்டுக்குக் கீழேதான், ஆனால் அந்த வாரத்துக்கு அது சரியான வளர்த்தி. நாம் தேடும் சொல் வேறு.

> குறைபாடு என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். குறைபாடு என்றதும் குறை யாரிடம் என்று வீட்டில் தேடத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் மருமகளிடம் போய் நிற்பார்கள். ஆங்கிலத்திலேயே ‘ரிடார்டேஷன்’ என்றிருந்ததை ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என மாற்றினார்கள். பழைய சொல்லைக் கேட்ட பெற்றோர் குழந்தைக்கு மூளை வளர்ச்சி இல்லை என்று எடுத்துக்கொண்டதே காரணம். ‘குன்றிய’ என்பதிலும் அதே வாடை அடிக்கிறது.

> தடை சரியான சொல். நஞ்சுக்கொடி வழியாகப் போக வேண்டியது போகவில்லை, அவ்வளவுதானே?

பெரும்பாலும் அப்படித்தான். கர்ப்பத்தின் முற்பாதியில் கருப்பையின் சுருள் தமனிகள் அகன்று கொடுக்க வேண்டும். அவை அகலாவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. தாய்க்கு உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், லூபஸ் (எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய்) இருந்தாலும், புகையிலைப் பழக்கம் இருந்தாலும் இதே கதிதான். ஆனால் 18ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் கருவையோ, சைட்டோமெகலோ வைரஸ் தொற்றிய கருவையோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெளியிலிருந்து தடுப்பவர் யாருமில்லை, கருவே மெதுவாகத்தான் வளர்கிறது. தடை என்பது காரணத்தைச் சொல்லும் சொல். நமக்கு வேண்டியது நடப்பதைச் சொல்லும் சொல்.

அதனால் என் முன்மொழிவு: கருவளர்ச்சித் தேக்கம்.

மருத்துவர் பார்ப்பது கருவின் அளவை மட்டும் அல்ல, அது வளரும் போக்கையும்தான். ஒரே வாரத்தில் இருக்கும் 100 கருக்களை எடை வரிசையில் நிறுத்தினால் கடைசிப் பத்தில் வருவதை ‘சிறியது’ என்கிறார்கள். அந்தப் பத்தில் பல நலமானவை. அம்மா, அப்பா இருவரும் சிறுகூடு, பிள்ளையும் அப்படி. மாறாக, 28ஆம் வாரத்தில் கீழிருந்து 70ஆவது இடத்தில் இருந்த கரு 36ஆம் வாரத்தில் 15ஆவது இடத்துக்கு இறங்கினால்? அது இன்னும் ‘சிறியது’ பட்டியலில் இல்லை. ஆனால் வரைபடக் கோடு படுத்துவிட்டது, கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். ‘சிறியது’ என்பதற்குத் தனியாக ‘வாரத்துக்குச் சிறிய கரு’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் நலமான குழந்தையின் தாயை வீணாகப் பயமுறுத்துவோம், ஆபத்தில் இருக்கும் கருவைத் தவறவும் விடுவோம்.

> தேக்கம் என்றால் நீர்த்தேக்கம் நினைவுக்கு வராதா? வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது என்று நினைப்பார்களே?

‘பொருளாதாரத் தேக்கம்’ படிக்கும் யாரும் அணையை நினைப்பதில்லை. முன்னால் ‘வளர்ச்சி’ இருக்கும்வரை குழப்பம் வராது. ‘கரு’ என்பது முதல் சில வாரங்களுக்கு மட்டும்தானே என்று கேட்டவருக்கு: பாடநூலில் இருக்கலாம். ‘கருவிலே திருவுடையார்’ என்று சொல்லும் ஊரில் ஒன்பதாம் மாதம்வரை அது கருதான். சிசு என்றால் சிசு மரண விகிதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

அருஞ்சொல் விளக்கத்தில் கண்டறியும் முறையையும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். 24 வாரத்துக்குப் பிறகு அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பை உச்சிவரை நாடாவால் அளந்தால், சென்டிமீட்டர் ஏறக்குறைய வார எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கும். மூன்றுக்கு மேல் குறைந்தால் ஸ்கேன். அதில் முதலில் வயிற்றுச் சுற்றளவைப் பார்ப்பார்கள். உணவு போதாதபோது கரு மூளைக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும், ஈரலின் சேமிப்பு கரையும், தலை வளர வயிறு பின்தங்கும். அடுத்து டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன். தொப்புள்கொடித் தமனியில் கருவின் இதயம் துடிக்கும்போது மட்டுமல்ல, தளரும்போதும் ரத்தம் முன்னோக்கி ஓட வேண்டும். அந்த நேரத்து ஓட்டம் நின்றால் ஆபத்து, பின்னோக்கித் திரும்பினால் அதைவிட ஆபத்து.

‘சிகிச்சை’ என்ற தலைப்பு வேண்டாம் என்பது என் கருத்து. தேங்கிய வளர்ச்சியை மீட்கும் மருந்து இல்லை. ரத்தக் குழாய்களை விரிக்கும் சில்டெனாஃபில் மருந்தைக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வைப் பச்சிளங்குழந்தைகள் இறந்ததால் 2018இல் நிறுத்தினார்கள். படுத்தே இருப்பதும் பயன் தருவதாகத் தெரியவில்லை. கண்காணிப்பும், எப்போது பிரசவம் என்ற முடிவும்தான் கையில் இருப்பவை. தடுப்பு என்றால் புகையிலையை விடுவது, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, போதிய உணவு. ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும், மருத்துவர் சொன்னால், 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின். பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று கடைசி மாதங்களில் சோற்றைக் குறைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அதற்கும் ஒரு வரி போடுங்கள்.

அப்புறம், 32 வாரத்துக்கு முன் கண்டால் ‘முன்தேக்கம்’, பின் கண்டால் ‘பின்தேக்கம்’. இந்த இரண்டுக்கும் மாற்றுச் சொல் இருந்தால் சொல்லுங்கள், ‘பின்’ எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. நஞ்சுக்கொடியா, பாடநூலின் ‘தாய்சேய் இணைப்புத்திசு’வா, இலங்கை நண்பர்களின் ‘சூல்வித்தகம்’ஆ என்பதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள், இங்கே வேண்டாம்.