கேரவன் ஆக்கிய டிராவலர் வேன்: ஷாக் அப்சார்பர் மாற்றினால் ஆட்டம் நிற்குமா?

குடியாத்தம் கேரவன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் 2014 மாடல் டெம்போ டிராவலர் இருக்கிறது. உள்ளே கட்டில், சின்னச் சமையல் மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு போகிற கேரவனாக மாற்றியிருக்கிறோம். மாற்றத்தை ஆர்.சி.யிலும் பதிவு செய்தாகிவிட்டது. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் பட்டைதான், அதாவது வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு. ஷாக் அப்சார்பர் நான்கும் வண்டியோடு வந்தவை.

பிரச்சினை இதுதான். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் இணைப்புகள் மேல் ஏறி இறங்கினால், தாண்டிப் போன பிறகும் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. பெங்களூர் ஹைவேயில் பள்ளிகொண்டா பக்கம் லாரி ஓவர்டேக் எடுத்தால் காற்று தள்ளி வண்டி அலைகிறது, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளில் பாத்திரமெல்லாம் ஒரு பக்கம் சரிகிறது. இது போக, பின்பக்கம் இடது மூலை இரண்டு விரல் அளவு தாழ்ந்து நிற்கிறது. அந்தப் பக்க ஷாக்கின் மேல் எண்ணெய் ஈரம் தெரிகிறது.

அம்மாவுக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவர் படுத்தபடியே வரத்தான் இந்த வண்டியைச் செய்தோம். இப்போதைய குலுக்கலில் அவரை ஏற்றவே மனம் வரவில்லை.

ஒரு பட்டறையில் நாலு ஷாக்கும் ஹெவி டியூட்டி போட்டால் வண்டி தூக்கிக்கொள்ளும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். எது சரி? ஷாக்கை நாமே வீட்டில் மாற்ற முடியுமா?

வாலாஜா மெக்கானிக்:

தம்பி, நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறு கலந்திருக்கிறது. ஆட்டம் வேறு, தாழ்ந்து நிற்பது வேறு.

தேரைச் சுமப்பது சக்கரமும் அச்சும்தான். முட்டுக்கட்டை போடுகிறவர் தேரைச் சுமப்பதில்லை, அதன் ஓட்டத்தை அடக்குகிறார். ஷாக்கும் அப்படித்தான். எடையைத் தாங்குவது பட்டை. பட்டை அமுங்கி எழும்போது அந்த அலையை எண்ணெயின் தடையால் அடக்கி வெப்பமாக மாற்றுவது ஷாக். அதனால் எத்தனை ஹெவி டியூட்டி ஷாக் போட்டாலும் தாழ்ந்த மூலை உயராது. ஆட்டம் மட்டும்தான் குறையும். அதிலும் தேவைக்கு மேல் முரட்டு ஷாக் போட்டால் சின்னக் குழிகூட நேராகக் கட்டிலுக்கு வந்து சேரும். உங்கள் அம்மாவுக்கு அது ஆகாது. கம்பெனி அந்த மாடலுக்குச் சொன்ன ஷாக், அல்லது கேப்ரியல் மாதிரி நல்ல தயாரிப்பில் அதற்குச் சமமானது, இதுவே போதும்.

ஷாக் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, பம்பரை அமுக்கிப் பார்ப்பதெல்லாம் காரோடு சரி. இவ்வளவு எடையுள்ள வண்டியில் அது எதையும் காட்டாது. வேறு வழி இருக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, நான்கு ஷாக்கின் உடம்பையும் கையால் தொடுங்கள். சுடலாம், முதலில் விரலைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். வேலை செய்கிற ஷாக் நன்றாகச் சூடாகியிருக்கும். மற்றவற்றைவிட எது குளிர்ந்திருக்கிறதோ அது வேலை செய்யவில்லை. சைலன்சர் பக்கம் இருப்பது எப்படியும் கொஞ்சம் சூடாக இருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள்.

எண்ணெய் விஷயத்தில், மேல் சீல் அருகே லேசாகப் பிசுபிசுத்துத் தூசி ஒட்டியிருந்தால் பயமில்லை. உடம்பு முழுக்க நனைந்து கீழே வழிந்திருந்தால் அது முடிந்தது.

சத்துவாச்சாரி டயர் கடை:

ஷாக் வாங்கும் முன் டயரை ஒருமுறை பாருங்கள் சார். உள்ளங்கையை டயரின் சுற்றுவாட்டில் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்படுகிறதா? அப்படித் தேய்ந்திருந்தால் ஷாக் பிடிப்பில்லாமல் சக்கரம் துள்ளியிருக்க வாய்ப்பு அதிகம். காற்றைக் காலையில் ஓட்டும் முன் பாருங்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் ஓடி வந்த டயரில் அளந்தால் கூடுதலாகவே காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-இன் 23-வது வாரம். கேரவன் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். அதிக நாள் நின்றே இருக்கிற வண்டி, அதுவும் முழுப் பாரத்தோடு.

ஆம்பூர் மோட்டார்ஹோம்:

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாவற்றுக்கும் முன் எடை மேடைக்குப் போங்கள். சாதாரண டிராவலர் ஆளை இறக்கிவிட்டால் லேசாகிவிடும். அதன் பட்டைக்கும் ஷாக்குக்கும் ஓய்வு உண்டு. கேரவனுக்கு அது கிடையாது. வீட்டு வாசலில் நிற்கும்போதுகூடக் கட்டிலும் அலமாரியும் பேட்டரியும் அதன் மேல்தான்.

தொட்டியை நிரப்பி, சிலிண்டர் வைத்து, ஆட்களும் உட்கார்ந்த நிலையில் எடை போடுங்கள். முதலில் முன் சக்கரம் மட்டும் மேடையில், அப்புறம் முழு வண்டி, அப்புறம் பின் சக்கரம் மட்டும். மேடையும் தரையும் ஒரே மட்டமாக இருந்தால் இடது பின் சக்கரம், வலது பின் சக்கரம் என்று தனித்தனியாகவும் தோராயமாகப் பார்க்கலாம், மேடைக்காரர் ஒத்துழைக்க வேண்டும். வண்டியின் தகட்டில் ஒவ்வொரு அச்சும் தாங்கும் அளவு இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடை மட்டும் போதாது. மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் எகிறியிருக்கும் கேரவன்கள் நிறைய.

காரணம் பெரும்பாலும் பின் அச்சுக்கும் பின்னால் வைக்கிற தண்ணீர்த் தொட்டிதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டியின் நடு, பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, இரண்டு அச்சுக்கும் இடையே 3.35 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சில் ஏறுவது 150 கிலோ அல்ல, 200 கிலோவைத் தாண்டும். முன் அச்சிலிருந்து 50 கிலோவுக்கு மேல் குறையும். முன் டயரின் பிடிமானம் குறைந்தால் லாரி காற்றுக்கு ஸ்டீயரிங் அலையத்தான் செய்யும். ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் நீங்கள் டிம் போட்டிருந்தும் லைட் அடித்துக் காட்டுகிறார்களா? பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது என்று அர்த்தம்.

குடியாத்தம் கேரவன்:

எடை போட்டுவிட்டு வந்தேன். மொத்த எடை ஆர்.சி. அளவுக்குள் இருக்கிறது. ஆனால் பின் அச்சு தகட்டில் உள்ளதைவிட 140 கிலோ அதிகம். இடது பின் சக்கரத்தில் 1,230 கிலோ, வலதில் 1,040. சமையல் மேடை, பிரிட்ஜ், இரண்டு ட்யூபுலர் பேட்டரி எல்லாமே இடது பக்கம். தொட்டி பின் அச்சுக்கு நன்றாகப் பின்னால் இருக்கிறது. லைட் அடிப்பதும் உண்மை.

குடியாத்தம் உள் ரோட்டில் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். பின் இடது ஷாக்கில் சூடே இல்லை. பின் வலது மிதமான சூடு. முன் இரண்டும் ஒரே மாதிரி சூடு. டயர் பின் இடதில் மேடு பள்ளம் தட்டுப்படுகிறது.

வாலாஜா மெக்கானிக்:

அப்போது வழி தெளிவாகிவிட்டது. பின் ஷாக் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து வளைவில் வண்டி கோணலாகும். முன்னால் இரண்டும் பழசுதான், பணம் இருந்தால் கூடவே மாற்றலாம், இல்லாவிட்டால் அடுத்த சர்வீஸில். பாரத்தைக் குறைப்பதும் இடம் மாற்றுவதும் உங்கள் கையில். 150 ஆம்பியர் ஹவர் ட்யூபுலர் பேட்டரி ஒன்றே 50 கிலோவுக்கு மேல். இரண்டையும் வலது பக்கம், அச்சுக்கு முன்னால் கொண்டுபோங்கள். தொட்டியையும் இரண்டு அச்சுக்கும் நடுவில் வைக்க இடம் இருக்கிறதா பாருங்கள்.

வீட்டில் மாற்ற முடியும். முன்னும் பின்னும் பட்டை போட்ட வண்டியில் இது சுலபமான வேலை. சக்கரம் தரையில் இருக்க, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதே ஷாக்கைக் கழற்றலாம். ஜாக்கி போடவே தேவையில்லாமல் போகலாம். கை நுழைய இடம் வேண்டி எங்காவது தூக்கினால் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் உள்ளே படுக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடவே கூடாது, சொல்லாமல் நொறுங்கும்.

முந்தின நாள் ராத்திரியே நட்டு போல்ட்டில் துரு விடுவிக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். இத்தனை வருடம் ஆன போல்ட் எளிதில் வராது. வெல்டிங் கடையிலிருந்து ஆள் கூப்பிட்டு நெருப்பு காட்டாதீர்கள். அடைத்த எண்ணெயும், சிலவற்றில் கேஸும் உள்ள பொருள் அது, வெடிக்கும். கிரைண்டரில் நட்டை மட்டும் அறுக்கலாம், ஷாக்கின் உடம்பில் பிளேடு படக் கூடாது. அதற்கு முன் சமையல் சிலிண்டரைக் கழற்றி வண்டியை விட்டுத் தூரமாக வையுங்கள். டீசல் குழாய், பிரேக் குழாய், ஏ.பி.எஸ். ஒயர் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஈரச் சாக்கால் மூடுங்கள்.

புது ஷாக்கைப் பழசின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுதும் சுருங்கிய நீளம், முழுதும் விரிந்த நீளம், முனையில் இருக்கும் புஷ் என்ற ரப்பர் உறையின் துளை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பழசு சுருங்கவோ விரியவோ மறுத்தால் பார்ட் நம்பரை வைத்துச் சரிபாருங்கள். இன்னொன்றைப் பட்டறைகளிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். கடை அலமாரியில் படுத்துக் கிடந்த ஷாக்கில் எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்கும். மாட்டும்போது எப்படி நிற்குமோ அப்படி நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக முழுதும் இழுத்து முழுதும் அமுக்குங்கள். நாலைந்து முறை செய்தால் நடுவில் வெற்றாக ஓடுவது போய் ஒரே சீரான எதிர்ப்பு வரும். அப்புறம் படுக்க வைக்காமல் மாட்டிவிடுங்கள். பளபளப்பான கம்பியை இடுக்கியால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தால் போதும், அது சீலை அறுத்து எண்ணெய் கசியவிடும்.

புஷ் நுழையாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். இரண்டு முனையும் வளையமாக இருக்கிற ஷாக் என்றால், வண்டி தன் முழு எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். அச்சைத் தொங்கவிட்டு இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். மேல் முனை தண்டு மாதிரி இருந்தால், ரப்பர் பிதுங்கி வாஷர் அகலத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். எத்தனை டார்க், அதாவது எவ்வளவு இறுக்கம் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். லாக் நட் புதிதாகப் போடுங்கள்.

ஆற்காடு வேன் ஓனர்:

இடையில் ஒரு சந்தேகம். கேஸ் ஷாக் போட்டால் பின்பக்கம் கொஞ்சமாவது தூக்குமா?

ஆம்பூர் மோட்டார்ஹோம்:

கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தூக்காது. உள்ளே இருக்கும் கேஸ், வேகமாக அசையும்போது எண்ணெய் நுரைத்துப் போகாமல் இருக்கத்தான். ஏலகிரி ஏறி இறங்குவது போல நீண்ட நேரம் வேலை செய்யும்போது அந்தப் பலன் தெரியும்.

குடியாத்தம் கேரவன்:

அண்ணா, பின் ஷாக் இரண்டும் மாற்றியாகிவிட்டது. பேட்டரி வலது பக்கம் போய்விட்டது. மேம்பால இணைப்பில் ஒரே அசைவில் வண்டி அடங்குகிறது, லாரி தாண்டும்போதும் எவ்வளவோ தேவலை. இடது மூலை இன்னும் ஒரு விரல் தாழ்வு. பட்டை சேர்க்கலாமா? இன்னொன்று, பின் வலதில் சின்னக் குழியில் டக் டக் என்று சத்தம் வருகிறது.

வாலாஜா மெக்கானிக்:

சத்தத்துக்கு முதலில் அந்தப் பக்க ஷாக்கின் மேல் நட்டைப் பாருங்கள். புது ரப்பர் கொஞ்சம் ஓடியதும் படிந்து இடைவெளி விடும். வாஷர் இரண்டும் சரியான பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பட்டைக்கு வருவோம். தொட்டியை நகர்த்திவிட்டு மறுபடி எடை போடுங்கள், அதற்கு முன் எதையும் சேர்க்க வேண்டாம். பட்டை கூட்டினால் அச்சின் தாங்கும் அளவு கூடிவிடாது. எடை சரியாகியும் தாழ்வு இருந்தால் பட்டை சோர்ந்துவிட்டது. பழைய பட்டையைச் சூடாக்கி வளைவு ஏற்றித் தருகிறேன் என்பார்கள், முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் மறுபடி படுத்துவிடும். இரண்டு பக்கமும் புதுப் பட்டை, பட்டையை அச்சோடு பிடிக்கும் யு போல்ட் புதிது, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் புதிது போடச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கம்பியோடு ஒரு பிரேக் வால்வு இருந்தால், பின்பக்கம் உயர்ந்ததும் அதையும் அளவு பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். அந்தக் கம்பி உயரத்தை வைத்துத்தான் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் என்று முடிவாகிறது. உயரம் மாறி வால்வு மாறாவிட்டால், வண்டி லேசாக இருக்கிறது என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மலை இறக்கத்தில் அது ஆபத்து.

குடியாத்தம் கேரவன்:

மேல் நட்டு அரைச் சுற்று ஏறியது, சத்தம் நின்றுவிட்டது. கம்பியோடு அந்த வால்வும் இருக்கிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். தொட்டியை நடுவில் வைக்கத் தரைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வரும் வாரம் அந்த வேலை முடிந்ததும் எடைச் சீட்டோடு வருகிறேன் அண்ணா. முன் ஷாக் இரண்டுக்கும் சொல்லி வைத்தாயிற்று.