புதுப்பிப்பு: ஈஸ்ட் எம்ஆர்என்ஏ 0 நிமிடத்திலேயே மங்கிய சிக்கல் தீர்ந்தது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: எம்எஃப்ஏ2 என்ற ஈஸ்ட் மரபணுவின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்யும் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று அளக்கிறேன். காலக்டோஸில் வளர்ந்த ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸ் கொடுத்து அதன் உற்பத்தியை நிறுத்தினால், 0 நிமிட மாதிரியிலேயே நார்தன் பிளாட்டில் (ஆர்என்ஏவை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டை மங்கல். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி) கலப்பு என்றுதான் பலரும் சந்தேகப்பட்டீர்கள். அது இல்லை, அப்படியென்றால் ரைபோசோம் ஆர்என்ஏவும் சிதைந்திருக்கும், ஆனால் அதன் பட்டைகள் இரண்டும் கூர்மையாகவே இருந்தன. "செல்லை எடுத்து எவ்வளவு நேரம் கழித்து உறைய வைக்கிறீங்க?" என்று கேட்ட ஈப்போ அக்காதான் சரியாகப் பிடித்தார். எங்கள் பினாங்கு லேபில் சென்ட்ரிஃபியூஜ் ஒரு மாடி கீழே. குழாயோடு படியிறங்கி 5 நிமிடம் சுற்றவிடுவேன். எம்எஃப்ஏ2 எம்ஆர்என்ஏவின் அரை ஆயுளே (பாதி சிதைய ஆகும் நேரம்) 4 நிமிடத்துக்குப் பக்கம்தான்! இப்போது மேசையிலேயே 10 விநாடி சுற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, உடனே உலர்பனியில் அமுக்குகிறேன். 0 நிமிடப் பட்டை கன்னங்கரேல் என்று வருகிறது.

எதிர்பாராதது: கீழே ஒரு சின்னப் பட்டை. மறுபடியும் சொதப்பலா என்று பயந்தேன். இந்த மரபணுவை ஈஸ்ட்டுக்குள் கொண்டுபோகும் பிளாஸ்மிட்டின் (வட்ட டிஎன்ஏ) வரைபடத்தைப் பார்த்தால், வால் பக்கம் 18 ஜி எழுத்துகளை (குவானின்) வரிசையாகச் செருகியிருக்கிறார்கள். எம்ஆர்என்ஏவின் பின்முனையில் உள்ள பாலி-ஏ வால் குறுகி, டிசிபி2 என்ற நொதி முன்முனையைக் காக்கும் தொப்பியைக் கழற்றியதும், முன்முனையிலிருந்து தின்றுகொண்டே வரும் எக்ஸ்ஆர்என்1 என்ற நொதி அந்த ஜி வரிசையில் முட்டி நின்றுவிடுகிறது; மிஞ்சும் துண்டுதான் அந்தச் சின்னப் பட்டை. எக்ஸ்ஆர்என்1 நீக்கிய ஈஸ்ட்டிலும் ஓட்டிப் பார்த்தேன், அந்தப் பட்டை இல்லை.